நானூற்றுப் பன்னிரண்டாவது ஊர்

கீழே மோட்டார் உறுமியதும் சுகவனம் வழக்கம்போல மொட்டைமாடிக்கு ஏறி வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தான். நாற்பது நிமிஷம். தொட்டி நிறைய நாற்பது நிமிஷம் ஆகும், நிறைந்ததும் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து "நெறஞ்சிருச்சுங்கோ" என்று ஒரு குரல் கொடுத்தால் கீழே வீட்டுக்காரர் சென்னியப்பன் சுவிட்சை அணைப்பார். ஆறு வருஷமாக இப்படித்தான். குடிவந்த புதிதில் ஒரு நாள், "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கற ஆளு நீங்கதானுங்க, செத்த பாத்துச் சொல்லிப்போடுங்க" என்று அவர் போகிற போக்கில் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. நாலு நாளைக்கு ஒரு முறை சிறுவாணித் தண்ணீர் வருகிற காலைகளில், ராத்திரி வேலையை முடித்துக் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சலோடு இங்கே வந்து உட்காருவான். எதிரே மருதமலை. குழாய் வாயிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் வெறும் தகரத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும், நேரம் ஆக ஆகக் கனத்துக்கொண்டே வரும், சத்தத்தை வைத்தே கால் தொட்டியா அரைத் தொட்டியா என்று சொல்லிவிடுவான். இன்றைக்கு மட்டும் அது நிறையாமலே இருந்தால் தேவலை என்றிருந்தது. நேற்றுச் சாயங்காலம் சென்னியப்பன் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்து, சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று ஆயிரமாவது முறையாகக் கேட்டு, கடைசியில் ஃபோனை எடுத்து நீட்டினார். "நானாச் சொல்லலீங்க. இதுல போட்டிருக்குது பாருங்க. நம்ம வடவள்ளிப் பக்கம் ரெண்டு பெட்ரூம் வூடு இருபத்தோராயிரமாமா. நீங்க பதிமூணரை குடுக்கறீங்க. அவசரமில்லீங்க, காலைல தண்ணி நெறையற நேரத்துக்கு நானே மேல வர்றேன், இருக்கறீங்களா காலி பண்றீங்களான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க." சுகவனம் ஃபோனைக் கையில் வாங்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற மாதிரி பாவனை செய்தான். அந்தப் பக்கத்தில் எந்த மூலையில் எந்த எண் இருக்கிறது என்று அவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இருபத்தோராயிரத்தை அதில் அடித்தவனே அவன்தான்.

மனைவி கோகிலாவுக்கு அது தெரியாது. ராத்திரி தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள், "நீங்கதான் நானூறு ஊரு வெலை தெரிஞ்சு வெச்சிருக்கறீங்களே, நாம மூணு பேரு குடியிருக்க ஒரு ஊரு சொல்லுங்க பாக்கலாம்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். சும்மா, உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். நானூறு இல்லை, நானூற்றுப் பன்னிரண்டு என்று திருத்தத் தோன்றியது, வாயை மூடிக்கொண்டான். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று வரம் வாங்கி வந்த ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது, மடிக்கணினியை முதுகில் மாட்டிக்கொண்டு எந்த ஊரில் போய் இருக்கலாம் என்று தேடுகிற கூட்டம், அவர்களுக்காக நடக்கிற கம்பெனி அது, எங்கோ இருக்கிறது, சுகவனம் அதன் வாசலைக்கூடப் பார்த்தது கிடையாது. ஊர் ஊராகப் பால் என்ன விலை, வாடகை என்ன, நெட் எவ்வளவு வேகம், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து போகலாமா, ஜிம்முக்கு மாசம் எவ்வளவு, எல்லாவற்றையும் அங்கங்கே உள்ள கடைகளின் பக்கங்களிலும் ஆட்கள் படமெடுத்துப் போடுகிற பில்களிலும் பொறுக்கி எடுத்துக் கட்டங்களில் நிரப்புவது அவன் வேலை. திபிலிசியில் ஒரு ரொட்டி என்ன விலை என்று தெரியும். தனாங்கில் கடற்கரைப் பக்கம் வாடகை ஏறினதும் எந்த மாசத்திலிருந்து ஏறினது என்பதும் தெரியும். பாஸ்போர்ட் கிடையாது. சேலத்தில் இருபது வயசில் எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்திருந்தபோதே இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது, டைரக்டரியின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர்களும் அவற்றின் எண்களும் வரிசையாக இருக்கும், ஆள் வராத மத்தியானங்களில் அதைப் படித்துக்கொண்டே இருப்பான், லிமா ஐம்பத்தொன்று ஒன்று, மணிலா அறுபத்துமூன்று இரண்டு, அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேப்பரில் ஒரு வரியைக் கால் மணி நேரம் படித்துத் தானாகக் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த பூத்தில்தான், கண்ணாடிக் கூண்டுக்குள் யாராவது துபாய்க்குப் பேசிக்கொண்டிருப்பார்கள், மீட்டர் ஓடும், அழுவார்கள், மீட்டர் ஓடும். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அவனுடைய ஒப்பந்தத்திலும்தான் எழுதியிருக்கிறது. எங்கிருந்து வேண்டுமானாலும். சரி, சொல்லு, எந்த ஊர்? சேலத்துக்கே போகலாம், அங்கே அண்ணன் இருக்கிறான் என்பதே போகாமலிருக்கக் காரணம். பொள்ளாச்சி வாடகை குறைவு. தொண்டாமுத்தூருக்குத் தள்ளிப் போனால் இன்னும் குறைவு, கரண்ட் போனால் நெட்டும் போகும், இரண்டு முறை நடு வேலையில் காணாமல் போனால் மூன்றாவது முறை அவனையே எடுத்துவிடுவார்கள். கோகிலாவின் மருந்துக்கடைச் சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு, நடந்து போய் நடந்து வருகிறாள் என்பதால்தான் அது ஒன்பதாயிரத்து ஐந்நூறு. அபிநயாவுக்குப் பத்தாவது, இன்னும் ஐந்து மாசத்தில் பொதுத்தேர்வு, பள்ளிக்கூடம் மூன்றாவது தெருவில். எந்த ஊரை எடுத்து வைத்தாலும் கணக்கு ஒரு இடத்தில் வந்து இடித்துக்கொள்கிறது, ஏனென்றால் அவன் நிரப்புகிற கட்டங்களில் காப்பிக்கு ஒரு கட்டம் உண்டு, பீருக்கு ஒரு கட்டம் உண்டு, பத்தாவது படிக்கிற பெண்ணுக்குக் கட்டம் கிடையாது, அந்தக் கூட்டம் தனி ஆட்கள், முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். தொட்டிச் சத்தம் கொஞ்சம் கனத்தது. கால் பங்கு ஆகியிருக்கும்.

அதை ஏன் அப்படி அடித்தான் என்று எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் ஒரே ராத்திரிக்குத்தான் போய்ச் சேர்கிறது. பட்டியலில் புதிதாகச் சேர்க்கிற ஊர்களைப் பங்கு போட்டு அனுப்புவார்கள், அன்றைக்கு அவன் பங்கில் வந்த பெயரைப் பார்த்ததும் மார்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. கோயம்புத்தூர், மேற்குப் புறநகர். பக்கத்து அறையில் கோகிலாவை எழுப்பலாமா என்றுகூட இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டாவது ஊர். பாலுக்குத் தேட வேண்டியதில்லை, ஃப்ரிட்ஜில் கவர் இருந்தது. காய்க்குத் தேட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் உண்மையாகத்தான் போட்டான், வாடகைக் கட்டத்தில் அப்போது கொடுத்துக்கொண்டிருந்த பன்னிரண்டாயிரத்து ஐந்நூறைத்தான் போட்டான். போட்டதும் பட்டியல், வாடகை கூடின ஊர் மேலே என்று, தானாகத் தன்னை வரிசைப்படுத்திக்கொண்டது, அவனுடைய ஊர் சரசரவென்று கீழே இறங்கி, ஹனோய்க்குக் கீழே, இன்னும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், கடைசி வரியில் போய் நின்றது. சிவப்பு நிறத்தில். மலிவு என்பதற்குச் சிவப்பு போடலாமா, யார் போட்ட நிறம் அது. அபிநயாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன் வருமானம் என்ற கோட்டுக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு நின்றானே, பின்னால் வரிசையில் நின்றவன் எட்டிப் பார்க்கிறானோ என்று கையால் மறைத்தானே, அதே கூச்சம் அந்த நடு ராத்திரியில், ஒரு மனுஷர் இல்லாத அறையில், காது மடல் சூடாகிற அளவுக்கு வந்தது. அழித்துவிட்டுப் பதினாறு போட்டான். ஒரு படி ஏறினது. பதினெட்டு. இருபத்தொன்று போட்டதும் சிவப்பு போய் ஒரு பாந்தமான மஞ்சள் வந்தது, முந்நூற்றுத் தொண்ணூற்றேழாவது இடம், மேலேயும் கீழேயும் ஊர்கள், நடுவில் தன் ஊர், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் நடு வரிசையில் உட்கார்ந்த மாதிரி. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தான். கடைசியில் குறிப்பு எழுத ஒரு இடம் உண்டு, பெரும்பாலும் காலியாக விடுவான், அன்றைக்கு அதிலும் எழுதினான், சாயங்காலம் மலையிலிருந்து காற்று இறங்கி வரும், இங்கே யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று. அது மட்டும் சத்தியம். எழுதிவிட்டு ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தான், வந்தது.

அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா, தானாக வந்தார்களா, ஒரு எண்ணுக்கு அவ்வளவு சக்தி உண்டா என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்ளலாம் என்றால் பக்கத்து வீட்டு மாடிக்கு வந்த ஓம்கார் என்கிற புனே பையன் அதையும் செய்யவிடவில்லை. நல்ல பையன், நடு ராத்திரியில் இரண்டு ஜன்னல்களில்தான் வெளிச்சம் இருக்கும், அவனுடையது ஒன்று, சுகவனத்துடையது ஒன்று, அதனாலேயே ஒரு சிநேகம். ஒரு நாள் இந்தச் சுவர் ஓரமாக நின்று இங்கிலீஷில் சொன்னான், எத்தனையோ ஊரைப் பார்த்தேன் அங்கிள், மலையிலிருந்து காற்று இறங்கி வரும் என்று எவனோ ஒரு வரி எழுதியிருந்தான், அதைப் படித்துவிட்டுத்தான் பையைக் கட்டினேன். எவனோ. சுகவனத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று, தான் எழுதிய ஒரு வரியை ஒருத்தன் மனப்பாடமாகத் திருப்பிச் சொல்லி அவன் வாழ்க்கையில் கேட்டதே இல்லை, ஒரு நிமிஷம் சொல்லிவிடலாம் என்றுகூட நாக்கு நுனிக்கு வந்தது, வாடகை எவ்வளவு கொடுக்கிறாய் என்று மட்டும் கேட்டான். இருபத்தொன்று, அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது, அதனால் பேரம் பேசவில்லை என்றான் பையன். அடுத்த மாசம் எதிர் வீட்டுக்கு இரண்டு பெண்கள், அதுவும் இருபத்தொன்று. அதற்கடுத்துத் தெருக்கோடி வீடு. நேற்று ராத்திரி சென்னியப்பன் போன பிறகு, வேலை ஆரம்பித்ததும் முதல் காரியமாக அந்தக் கட்டத்தைத் திறந்து இருபத்தொன்றை அழித்துவிட்டுப் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு என்று அடித்தான். ஒரு சின்ன வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு எழுத்து வந்தது. இந்த எண் இப்பகுதியின் மற்ற எண்களோடு பொருந்தவில்லை, நிராகரிக்கப்படுகிறது, மறுபடியும் இப்படிப்பட்ட எண்ணை இட்டால் உங்கள் மதிப்பெண் குறையும். அந்த மற்ற எண்கள் ஓம்காருடையது, அந்தப் பெண்களுடையது, கோடி வீட்டுடையது, ஆளுக்கொரு ரசீதைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள், அத்தனையும் உண்மை. அவன் ஆறு வருஷமாக மாசாமாசம் கொடுக்கிற, அவனுக்குத் தெரிந்த ஒரே வாடகை மட்டும் பொய். பதிமூன்றரைக்கு இங்கே ஒருத்தனும் குடியிருக்கவில்லை என்கிறது அது. அப்படியானால் இந்த டப்பாமேல் உட்கார்ந்திருக்கிறவன் யார். ரசீதைப் போடலாம் என்றால் சென்னியப்பன் ரசீது தருவதில்லை, ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொள்வதோடு சரி.

அரைத் தொட்டிக்கு மேலாகிவிட்டது. சத்தம் இப்போது தண்ணீரின்மேல் தண்ணீர் விழுகிற சத்தம். நாற்பத்தெட்டு வயசு, டாக்டர் ஒழுங்காகத் தூங்கச் சொன்னார், எப்போது தூங்க, பகலில் தூங்கும்போதும் கனவில் கட்டங்கள்தான் வருகின்றன. அவர் வந்ததும் என்ன சொல்வது? மகளுக்குப் பரீட்சை முடிகிற வரைக்கும் பொறுங்கள் என்று சொல்லலாம், அது கெஞ்சல், கெஞ்சலாம், கெஞ்சினால் என்ன குறைந்துவிடும். இல்லை, உண்மையைச் சொல்லிவிடலாம். அந்த எண் நான் போட்டது, கூச்சத்தில் போட்டது, பொய் என்று சொன்னால் மனுஷர் ஒரு நிமிஷம் யோசிப்பார், நல்ல மனுஷர்தான், கொரோனா சமயத்தில் இரண்டு மாசம் வாடகையே கேட்கவில்லை, அதைச் சொல்லிக்காட்டினதும் இல்லை. சொல்லலாம். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும். சென்னியப்பன் எங்கே போய்க் கம்பெனியிடம் சொல்லப்போகிறார். சொல்லலாம். கோகிலாவுக்குத் தெரிந்தால்? வேலை போவதைவிட அதுதான் பயமாக இருந்தது, அவள் திட்ட மாட்டாள், ஒரு பார்வை பார்ப்பாள், பூத்தில் பில்லை நீட்டும்போது ஆட்கள் பார்க்கிற பார்வை, இவ்வளவா ஆச்சு என்று. கீழே அவள் அபிநயாவை எழுப்புகிற குரல் கேட்டது. "எந்திரி சாமி, ஆறரையாச்சு." ஒவ்வொரு நாளும் ஆறேகாலுக்கு ஆறரை என்றுதான் சொல்லுவாள், அதுவும் ஒரு கூட்டிப் போட்ட எண்தான், ஆனால் அதனால் ஒரு குடும்பம் நேரத்துக்குக் கிளம்புகிறது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தொட்டி இன்னும் நிறையவில்லையே, இன்னும் ஐந்து நிமிஷமாவது பாக்கி இருக்கிறதே என்று அவன் எழுந்து நின்றான், யாருக்கோ இடம் விடுகிற மாதிரி.

சென்னியப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். தோளில் துண்டு, கையில் ஃபோன். "மலை இன்னிக்கு நல்லாத் தெரியுதுங்க," என்றார். ஆமாங்க என்றான் சுகவனம். "எம்பட பையன் பெங்களூர்ல முப்பத்தெட்டாயிரம் குடுக்கறானுங்க. ஜன்னலத் தொறந்தா எதுத்த வூட்டுச் சுவரு. மாசாமாசம் நாந்தான் ஒரு பங்கு அனுப்பறேன். அங்க வூட்டுக்காரன் அவன்கிட்ட வாங்கறான், நான் இங்க உங்ககிட்ட வாங்கறேன், வேற என்ன பண்றதுங்க, சொல்லுங்க." சுகவனம் சொன்னான், "அந்த இருபத்தோராயிரம் நான் போட்டதுங்க." அவருக்குப் புரியவில்லை. "எதுங்க?" "அந்த ஃபோன்ல இருக்கறது. எம்பட வேலையே அதுதானுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி நான்தான் போட்டேன். அப்ப இங்க அந்த வாடகையே கெடையாது. பொய்ங்க அது." சென்னியப்பன் துண்டு நுனியால் ஃபோன் கண்ணாடியைத் துடைத்தார், அந்தப் பக்கத்தைப் பார்த்தார், சுகவனத்தைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று சுகவனம் காத்திருந்தான். வந்தது மரியாதை. "அட! இது நீங்க போட்டதுங்களா? உலகம் பூராத் தெரியறது? ஆறு வருசமா எம்பட வூட்டு மேல உக்காந்துட்டுச் சொல்லவேயில்லீங்களே!" "பொய்ங்க," என்றான் மறுபடியும். "என்ன பொய்யிங்க? அந்தப் புனாத் தம்பி மாசம் பொறந்தா குடுக்கறது பொய்யிங்களா? எதுத்த வூட்டுப் புள்ளைக குடுக்கறது? நீங்க ரெண்டு வருசம் முந்தியே கணக்காப் போட்டிருக்கறீங்க. வெவரமான ஆளு போட்டா அப்படித்தான் இருக்கும்." சுகவனம் வாயைத் திறந்தான். அதற்குள் அவரே தொடர்ந்தார். "சரி, உங்ககிட்டப் போயி நான் இருபத்தொண்ணு வாங்குவனுங்களா? பத்தொம்போது குடுங்க. பாப்பாவுக்கு வேற பரீட்சை. என்ன சொல்றீங்க?" மாசம் ஐயாயிரத்து ஐந்நூறு கூடுதல். சம்பளம் முப்பத்துநான்கு, அவளுடையது ஒன்பதரை, பள்ளிக்கூடம், இரண்டு நெட், சேலத்து அண்ணனுக்குத் தர வேண்டியது, மனசு தானாகக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு போயிற்று, கடைசிக் கட்டத்தில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளங்கால் சில்லென்றது. குனிந்து பார்த்தான். தொட்டி விளிம்பில் தண்ணீர் வழிந்து பெயிண்ட் டப்பாவைச் சுற்றி ஓடி சென்னியப்பனின் செருப்பு வரைக்கும் போயிருந்தது, ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட வழியவிட்டதில்லை. "நெறஞ்சிருச்சுங்கோ," என்றான். எதிரில் இரண்டடி தள்ளி நின்ற மனுஷரிடம், தெருவுக்குக் கேட்கிற அந்தப் பழைய குரலில். "அடடா," என்று அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கு ஓடினார். இரண்டு படி இறங்கித் திரும்பி, "அப்ப ஒண்ணாந் தேதியில இருந்துங்க," என்றார்.

கீழே அவர் கோகிலாவிடம் சொல்வது கேட்டது. மறைத்துச் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னார். "உங்கூட்டுக்காரருதான் போட்டாராமா அம்மிணி, அந்த இருபத்தோராயிரத்த! சொல்றாரு பாருங்க இப்ப!" பிறகு மோட்டார் நின்றது. அது நின்றதும் ஊரே நின்ற மாதிரி ஒரு அமைதி, விளிம்பு தாண்டி நின்ற தண்ணீர் மட்டும் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. கோகிலா ஏறி வந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்திருந்தாள், கையில் நீல வாளி, வழிகிற சத்தம் கேட்டதும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவனைப் பார்த்தாள். அவன் பயந்த பார்வை அதுதான், ஆனால் பயந்ததைவிட நீளமாக இருந்தது. "எவ்வளவு?" என்றாள். "பத்தொம்போது." "நீங்க என்ன சொன்னீங்க?" "தண்ணி நெறஞ்சிருச்சுன்னு சொன்னேன்." அவள் வாளியைக் கை மாற்றிக்கொண்டாள். பிறகு, "எதுக்கு அப்படிப் போட்டீங்க?" என்றாள். மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "உள்ளதப் போட்டா நம்ம ஊரு கடைசீல இருந்துது கோகிலா. நானூத்திப் பன்னெண்டாவதா. செவப்புல." அவள் குனிந்து, தொட்டி விளிம்பில் தண்ணீர் அதிகமாக இறங்குகிற இடமாகப் பார்த்து வாளியைச் சரித்து வைத்துக் காலால் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். நிமிர்ந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இப்ப எத்தனாவது?"

"முந்நூத்தித் தொண்ணூத்தேழு."

"சரி," என்றாள். வாளி நிறைகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.